முதுகு காட்டி நின்ற கதாநாயகன்

ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. அன்றிலிருந்து மனிதர்களின் உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். பேசாப்படக் காலத்துக் காதல் படங்கள் என்றால் அவளுக்கு உயிர். அங்கே மற்றவர்களுக்கும் ஒன்றும் கேட்காது. நாயகி முணுமுணுப்பது அவளுக்கு மட்டும் தெரியும். "உருகி உருகிக் காதலிக்கிறாங்கன்னு நினைக்கிறீங்க. பாதி நேரம் பசிக்குதும்பாங்க" என்று கணவனிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அதனால்தான் திரைப்படக் காப்பகத்திலிருந்து குறுஞ்செய்தி வந்ததும் மதியச் சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பழைய காதல் படம் ஒன்று கிடைத்திருக்கிறது. நடிகர்கள் பேசுவதை எழுதித் தர வேண்டும்.

சின்ன அறை. சன்னல்களில் கறுப்புத் துணி. படச்சுருளிலிருந்து புளித்த காடி வாடை. காப்பாளர் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்று பேசினார்.

"கடைசிக் காட்சியப் பாருங்கம்மா. அவ்வளவு அழகு. இதுக்கப்புறம் இந்தப் பொண்ணு எந்தப் படத்துலயும் வரல."

ஏரிக்கரை. நாயகன் முதுகைக் காட்டியபடி நாயகியை இறுக அணைத்திருந்தான். அவன் தோளுக்கு மேலே அவள் முகம், கண்ணீரும் புன்னகையுமாக.

உதடுகள் அசைந்தன.

'விடு. மூச்சு முட்டுது. ஐயோ, யாராவது வாங்களேன்.'

அவள் காப்பாளர் பக்கம் திரும்பினாள். "இன்னொரு தடவ போடுங்க சார்."

மறுபடி ஏரிக்கரை. இம்முறை நாயகியின் கண்கள் நேராக இவளைப் பார்த்தன.

'உனக்காவது கேட்டுச்சே.'

அப்போதுதான் அந்த முதுகு அசைந்தது.

மெல்ல, மிக மெல்ல, நாயகன் திரும்பினான். மாவு பூசிய முகம். மை அப்பிய கண்கள். கறுத்த உதடுகள்.

'அவ என்ன சொன்னா?'

நாற்காலி கவிழ எழுந்தாள். விளக்கு எரிந்தது.

"என்னம்மா ஆச்சு? அதே காட்சிதானே ஓடுச்சு?" என்றார் காப்பாளர்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." அவரிடம் அல்ல, வெறுந்திரையைப் பார்த்துச் சொன்னாள். வெளியே ஓடினாள்.

தெருவில் வெயில் கொளுத்தியது. ஆட்கள் நெருக்கியடித்து நடந்தார்கள். ஆனாலும் அவள் ஓட்டத்தை நிறுத்தவில்லை. வீட்டு வாசலை அடைந்தபோது கைபேசி அதிர்ந்தது. காப்பாளரின் குறுஞ்செய்தி.

'அம்மா, திரும்ப ஓட்டிப் பாத்தேன். அந்தப் பொண்ணு மட்டும் தனியா நிக்குது. அவனைக் காணோம்.'

படித்து முடிப்பதற்குள் கதவு திறந்தது. கணவன் சிரித்துக்கொண்டு நின்றான்.

அவளைப் பார்த்து அல்ல. அவள் தோளுக்கு மேலாக.

அவன் உதடுகளைப் படித்தாள்.

"வாங்க சார், உள்ள வாங்க."