சாமி மாடத்தில் ஒரு பாட்டரி

"...டேப் ஒட்டினது நான் இல்ல சார். நான் ஒட்டியிருந்தா நேரா ஒட்டியிருப்பேன்."

"அப்ப யாரு மேன் ஒட்டினது? அதுவா வந்து ஒட்டிக்கிச்சா?"

"காத்து வரணும்னுதான சார் அந்த வென்டிலேட்டரை வச்சதே... அதை நானே எதுக்கு சார் அடைக்கிறேன்?"

கம்பிகளுக்கு உள்ளேயிருந்து பேசியவன் பெருமாள்சாமி. பெங்களூர் ஆஸ்டின் டவுன் ப்ளம்பர். நேற்று மாலையிலிருந்து லாக்கப்பில் இருக்கிறான்.

வெளியே நின்று கேட்டவர் சப்-இன்ஸ்பெக்டர் ஹெர்பர்ட்.

2004 டிசம்பர். திங்கட்கிழமை காலை பதினோரு மணி.

மூன்று மணிக்குக் கோர்ட். மாஜிஸ்ட்ரேட் ஒரு கையெழுத்துப் போட்டால், ராத்திரி சாப்பாடு பரப்பன அக்ரஹாரா ஜெயிலில். பெருமாள்சாமியின் மனைவி டிபன் கேரியரோடு ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தாள். போகச் சொன்னதற்கு, தனியாகப் போவதாக இல்லை என்று சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பிரேசர் டவுனில் ஒரு மாடி வீடு.

பாத்ரூம் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் ஹாலுக்கு வழிந்தது. கதவை உடைத்தார்கள்.

உள்ளே தீபிகா. இருபத்தேழு வயது. காயம் இல்லை. ரத்தம் இல்லை. தூங்குவது போலக் கிடந்தாள்.

சுவரில் கேஸ் கெய்சர் மட்டும் நீலமாய் எரிந்துகொண்டிருந்தது. மேலே இருந்த வென்டிலேட்டரை பிரவுன் டேப் முழுசாக மூடியிருந்தது.

கார்பன் மோனாக்சைடு என்றார் டாக்டர். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. வந்தது தெரியாது... போனவர்களுக்குப் போனதும் தெரியாது.

காற்றில் கெய்சர் அணைந்து அணைந்து போகிறதென்று, அதை மாட்டிய ப்ளம்பர்தான் டேப் ஒட்டினான் என்று கணவன் வாக்குமூலம் கொடுத்தான். பெயர் வெங்கடகிருஷ்ணன். சாஃப்ட்வேர் என்ஜினீயர். ஆறு வருஷம் அமெரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பியவன்.

ஹெர்பர்ட் அவனை நம்பியதற்கு ஒரு காரணம் இருந்தது.

அந்த வீட்டில் ஒரு அலாரம் இருந்தது!

சோப்பு டப்பா அளவில், வெள்ளையாக. இந்த விஷக்காற்று வந்தால் ஊரைக் கூட்டும் அலாரம். பெண்டாட்டிக்கு எதுவும் ஆகக்கூடாது என்று அமெரிக்காவிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். வீங்கிய கண்களோடு அதைப் பற்றி அவனே விளக்கினான். பாத்ரூமுக்கு வெளியே, படுக்கையறைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். வாரம் ஒரு தடவை பட்டனை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். தூசி தட்ட வேண்டும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாட்டரி மாற்ற வேண்டும். சத்தம் வந்தாலும் அஞ்சாறு வருஷத்துக்கு மேல் அதை நம்பக்கூடாது, புதுசு வாங்கிவிட வேண்டும். ஹெர்பர்ட் பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுதிக்கொண்டார்.

அப்புறம் ஏன் அது கத்தவில்லை?

பாட்டரி அதற்குள் இல்லை.

சாமி மாடத்தில், சாம்பிராணி டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

கரித்துண்டு மூட்டிச் சாம்பிராணி போட்டால் அலாரம் அலறும். முதல் வெள்ளிக்கிழமை அலறியதில் தெருவே கூடிவிட்டது. அதிலிருந்து வெள்ளிதோறும் தீபிகா பாட்டரியைக் கழற்றி மாடத்தில் வைப்பாள். சனிக்கிழமை திரும்பப் போடுவாள்.

சாமிக்குப் புகை. அலாரத்துக்கு லீவு.

"நான் ஆபீஸ் கிளம்பும்போதே கழட்டிட்டா சார்" என்று வெங்கடகிருஷ்ணன் அழுதிருந்தான். "ஸ்டூல் மேல ஏறிக் கழட்டி, மாடத்துல வச்சு, சாமி கும்பிட்டா. என் கண்ணால பாத்தேன். தடுத்திருக்கணும்..."

அழுதுகொண்டே கையெழுத்தும் போட்டிருந்தான்.

"சார், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் ரெண்டாம் பக்கம் படிச்சீங்களா?"

ஹெட் கான்ஸ்டபிள் வேதநாயகி எதிரே வந்து நின்றாள். கையில் ஃபைல்.

"படிச்சேன்."

"முழுசா?"

ஹெர்பர்ட் மின்விசிறியைப் பார்த்தார். "ஒரு நாலு வரி... பொம்பளைங்க சமாச்சாரம்னு தாண்டிட்டேன்மா."

"கொலைகாரனும் அதைத்தான் சார் தாண்டியிருக்கான்."

ஹெர்பர்ட் நிமிர்ந்தார்.

வேதநாயகி சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. அவள் காலையிலேயே பிரேசர் டவுன் போய், கீழ் வீட்டு ஓனரம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்திருந்தாள். ஹெர்பர்ட் போனை எடுத்தார். ஒரு கையெழுத்து பாக்கி இருக்கிறது, வந்துவிட்டுப் போங்கள் என்று வெங்கடகிருஷ்ணனைக் கூப்பிட்டார்.

பன்னிரண்டரைக்கு அவன் வந்தான். தாடி. கசங்கிய சட்டை.

வெள்ளிக்கிழமை நடந்ததை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள் வேதநாயகி. ஒரு வார்த்தை மாறாமல் சொன்னான்.

"மாடத்துல அவங்க கையாலயே வச்சாங்களா?"

"ஆமா மேடம்."

"விளக்கு?"

"ஏத்தினா. எல்லா வெள்ளிக்கிழமையும் ஏத்துவா."

"உங்க துளசிச் செடிக்கு யாரு சார் தண்ணி ஊத்துவாங்க?"

"அவதான்..."

"புதன்கிழமை காலைல மாடிப்படில நின்னு கீழ் வீட்டம்மாவைக் கூப்பிட்டிருக்காங்க. 'சனிக்கிழமை வரைக்கும் துளசிக்கு நீங்க ஊத்திடுங்கக்கா'ன்னு. ஏன்னு தெரியுமா?"

அவன் விழித்தான்.

"தூரம் சார். டாக்டரும் எழுதியிருக்காரு. அந்த நாள்ல துளசியத் தொடாத பொண்ணு சாமி மாடத்தத் தொடுமா? விளக்கு ஏத்துமா? அந்த வெள்ளிக்கிழமை உங்க வீட்ல சாம்பிராணியே கிடையாது. கழட்டினது அவங்க இல்ல."



வெங்கடகிருஷ்ணனின் உதடு அசைந்தது.

"அவ... எங்கிட்ட சொல்லவே இல்லையே..."

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவனுக்குப் புரிந்தது.

"எப்படிச் சொல்லுவாங்க?" வேதநாயகியின் குரல் உயரவில்லை. "ஆறு மாசமா ஆளுக்கொரு ரூம். டைவர்ஸ் பேப்பர்ல கையெழுத்துப் போட மாட்டேன்னு அவங்க. போட்டாதான் திரும்ப அமெரிக்கான்னு நீங்க. ஓனரம்மாவுக்குத் தெரிஞ்சது புருஷனுக்குத் தெரியல."

ஒன்றே முக்காலுக்கு அவன் அலமாரியில் பிரவுன் டேப் சுருள் கிடைத்தது. அதன் கிழிந்த நுனியும் வென்டிலேட்டரில் இருந்த டேப்பின் நுனியும் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தின.

காப்பாற்றக் கொண்டுவந்தவனே அலாரத்தின் வாயைக் கட்டியிருந்தான்.

லாக்கப்பில் இப்போது இரண்டு பேர். ஒருவன் மூலையில். ஒருவன் கம்பியில்.

"நான் போலாமா சார்?"

"இரு மேன். உன்மேல தப்பில்லன்னு கோர்ட்டுக்கு ரிப்போர்ட் எழுதணும். காரணத்தோட. அது போனாத்தான் நீ வீட்டுக்கு."

மணி இரண்டு இருபது.

ஹெர்பர்ட் வெள்ளைத்தாளை எடுத்து வேகமாக எழுதினார். வென்டிலேட்டர் டேப்... வெங்கடகிருஷ்ணன்... பெருமாள்சாமிக்குத் தொடர்பில்லை... அலாரத்தின் பாட்டரியை இறந்துபோன தீபிகா எடுத்து சாமி மாடத்தில் வைத்திருக்க முடியாது, ஏனெனில்...

பேனா நின்றது.

மாஜிஸ்ட்ரேட் படிப்பார். கிளார்க் படிப்பான். வக்கீல் எழுந்து நின்று, நிறைந்த கோர்ட்டில், சத்தமாகப் படிப்பார். பதினெட்டு வருஷ சர்வீஸில் ரவுடிகளையும் ரயிலில் விழுந்த பிணங்களையும் பார்த்த ஹெர்பர்ட்டின் காதுகள் சிவந்தன.

ஒரு வார்த்தை எழுதினார். அடித்தார். இன்னொன்று எழுதினார். அதையும் அடித்தார்.

வாசலில் பெருமாள்சாமியின் மனைவி எழுந்து நின்றுவிட்டாள். கம்பிக்குள்ளிருந்து பெருமாள்சாமி எட்டிப் பார்த்தான்.

இரண்டு முப்பத்தைந்து.

ஹெர்பர்ட் தாளை மேஜைக்கு அந்தப் பக்கம் மெல்ல நகர்த்தினார். அதன்மேல் பேனாவை வைத்தார். வேதநாயகியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"வேதாம்மா... 'ஏனெனில்' வரைக்கும் நான் எழுதிட்டேன். மிச்சத்தை மட்டும் நீங்க எழுதிடுங்களேன்..."