சீல் வைத்த பிரஷ்

புதன்கிழமை காலை பத்து மணிக்கு முடிவு வந்தது: செத்துப்போன கதிரேசன், ஸஹானாவின் அப்பா இல்லை.

"பொய் மேடம்," என்று அழுதாள் ஸஹானாவின் அம்மா ஷீலா. "அஞ்சு வருஷம் இதே வூட்டுல குடித்தனம் பண்ணோம். தாலி மட்டும்தான் இல்ல."

ஸஹானாவின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் கேட்கும் வழக்கைப் புதிதாக எடுத்திருந்த வக்கீல் ஸ்ரீவித்யா, ரிப்போர்ட்டைப் புரட்டினாள். கண்ணீரை எந்தக் கோர்ட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ளாது. கதிரேசனை எரித்தாகிவிட்டது. ஷீலா தரும் பொருளை எதிர்த்தரப்பான கதிரேசன் குடும்பம் ஏற்காது. அதனால், அவன் கடைசியாக நோயில் கிடந்த அண்ணன் வீட்டிலிருந்து பல் பிரஷ் ஒன்றைக் கோர்ட் ஆட்கள் வாங்கி, சீல் வைத்து, டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். எந்தப் பொருள் போனது என்று பழைய வக்கீல் ஷீலாவிடம் சொல்லவேயில்லை.

குழாயடியிலிருந்து ஸஹானா வந்தாள். வாயும் ஆள்காட்டி விரலும் சிவப்பு.

"போய்த் துப்புடி! அப்பன் பழக்கம் அப்படியே கீது."

ஸ்ரீவித்யா ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

அனகாபுத்தூரில் அண்ணன் குப்புராஜ் வாசலிலேயே மறித்தான்.

"ரிசல்ட்தான் வந்துடுச்சே. இன்னும் இன்னா?"

"பிரஷ்ஷை எங்கேருந்து எடுத்தீங்க?"

"தம்பி பையிலேர்ந்து."

"தினமும் அதுலதான் தேய்ச்சாரா?"

"பின்ன? கடைசி நாள் வரைக்கும்."

உள்ளேயிருந்து அவன் மச்சான் ஏழுமலை சிரித்தான். "மாமா வூட்டுல பிரஷ் தங்காது மேடம். கோர்ட்டு ஆளுங்க வந்த அன்னிக்கு என்னுது காணாப்போச்சு."

"டேய், வாயை மூடு."

ஸ்ரீவித்யா கை கழுவ வேண்டும் என்றாள். பின்பக்கக் குழாய்க்குப் பின்னால் சுவரெல்லாம் சிவப்புக் கறை.

"இது என்னக்கா?"

"கொழுந்தன் துப்பினது," என்றாள் குப்புராஜின் மனைவி தனம். "எவ்ளோ தேய்ச்சாலும் போவல."

ஸ்ரீவித்யா வாசலுக்குத் திரும்பினாள்.

"உங்க பிரஷ்ஷைக் கொடுத்தா ரத்த உறவு தெரிஞ்சுடும்னு மச்சானோடதைக் கொடுத்தீங்க, குப்புராஜ். ஆனா உங்க தம்பி பிரஷ்ஷையே தொட்டதில்ல. சிவப்புப் பல்பொடி, ஆள்காட்டி விரல். கறை உங்க சுவத்துல இருக்கு. அந்தப் பழக்கம் அவர் மககிட்ட இருக்கு."

ஏழுமலையின் சிரிப்பு நின்றது. "மாமா, அப்போ கோர்ட்டுல கீறது என் எச்சியா?"

குப்புராஜ் படியில் உட்கார்ந்துவிட்டான். "தாலி கட்டாதவளுக்குப் பொறந்தது என் தம்பி பேரைப் போட்டுக்கினு திரியணுமா?"

"அதை ஜட்ஜ்கிட்ட சொல்லுங்க. இந்தத் தடவை பிரஷ் வேணாம். உங்க ரத்தத்தைக் கேட்டு மனு போடுறேன்."

சில மாதங்களில் குப்புராஜின் ரத்தம் பேசியது. பிறப்புச் சான்றிதழில் காலியாகக் கிடந்த அப்பா பெயர் நிரம்பியது. ஷீலா அதை இரண்டு முறை படித்தாள், அழவில்லை.

"ஸ்கூலுக்குப் போகப்போறா. ஒரு பிரஷ் வாங்கிக் கொடு," என்றாள் ஸ்ரீவித்யா.

"இப்போ வேணாம் மேடம். கொஞ்ச நாள் பொடியிலயே தேய்க்கட்டும்."