குன்றுக்கு அடித்த பச்சை

காலையில் எழுந்ததும், முகம் கழுவுவதற்கும் முன்னால், கஸ்தூரி ஜன்னலைத் திறந்து குன்றைப் பார்ப்பாள். பாலாற்றங்கரை அடிவாரத்தில் எல்லா வீட்டிலும் அதே வழக்கம்தான். குன்று பச்சையாக இருந்தால் காபி போடலாம். மஞ்சளாகியிருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

பாலாற்றில் மறுபடி தண்ணீர் ஓடத் தொடங்கியதும் அது கரைக்குன்றின் அடியை அரித்தது. அதனால் குன்று முழுக்க உணர்மரங்களை நட்டிருந்தார்கள். வேரடியில் மண் இளகினால் ஒரே இரவில் இலைகள் மஞ்சளாகிவிடும். சைரன் பழுதாகலாம், மரம் பொய் சொல்லாது என்று மக்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே மாநகராட்சிதான்.

அன்று ஊர் எழுவதற்கு முன்பே, இரவுப் பணியில் இருந்தபடி, குன்று மஞ்சளாகியிருப்பதை முதலில் பார்த்தவன் கஸ்தூரியின் கணவன் ஏகாம்பரம். மாநகராட்சியின் பறக்கும் தெளிப்பிகளுக்குப் பொறுப்பாளன். ஒருமுறை செய்த வேலையை மறக்காத எந்திரங்கள் அவை. அவன் அலறியடித்துக்கொண்டு ஆணையரிடம் ஓடினான்.

"இன்னைக்கா? செவ்வாய்க் கிரகத்து கவர்னர் வர்றாருய்யா! ஊரே காலியா கெடந்தா என் மானம் என்னாவறது? பச்சை அடிச்சு விடு. அவர் போனதும் எல்லாரையும் கெளப்பிடலாம்."

"சார், கீழதான் என் வீடு இருக்கு சார்."

"உன் வேலையும் இருக்கட்டும்னுதான் சொல்றேன்."

அடித்தான். பாவி, அடித்தான். தெளிப்பிகள் இலை இலையாகப் பச்சை பூசி முடித்ததும், மறைவாகப் போய் வீட்டுக்குப் போனில் பேசினான்.

"கஸ்தூரி, பாப்பாவத் தூக்கிக்கிட்டு ஒடனே கெளம்பு!"

"ஏங்க? குன்னு பச்சையாத்தானே இருக்கு."

"அது நான் அடிச்ச பெயின்ட்டுடி!"

அவள் சிரித்துவிட்டாள். "மரத்துக்கு யாராவது பெயின்ட் அடிப்பாங்களா? பாப்பா இப்பதான் கண்ணசந்திருக்கு. சும்மா பயமுறுத்தாதீங்க" என்று வைத்துவிட்டாள்.

அவன் வீட்டை நோக்கி ஓடினான். ஆற்றின் எதிர்க்கரை மேடையில், "எங்கள் கிரகத்தில் இப்படியொரு பச்சை இல்லையே!" என்று கவர்னர் ஏங்கிக்கொண்டிருந்தபோது குன்று சரிந்தது. அடிவாரம் மொத்தமும் மண்ணுக்குள் போனது.

சில நாள் கழித்து, விசாரணைக் குழு நேரில் வருவதாக மாநகராட்சிக்குத் தகவல் வந்தது. ஏகாம்பரம் அப்போதும் தன் வீடு இருந்த இடத்தை வெறுங்கையால் தோண்டிக்கொண்டிருந்தான். தலைக்கு மேல் இரைச்சல் கேட்டு நிமிர்ந்தான்.

தெளிப்பிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. இந்த முறை அவற்றை யாரும் ஏவவில்லை. பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்ற தகவலே அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது. செம்மண்ணின் மீதும், அதில் துருத்திக்கொண்டிருந்த தொட்டில் கம்பியின் மீதும், ஏகாம்பரத்தின் கைகளின் மீதும் பச்சை விழுந்தது.