வெட்டுப்படாத காப்பு

காப்பில் வெட்டிய தடம் இல்லை.

சுந்தரராஜுலு அதை ஜன்னல் வெயிலில் பிடித்து மூன்று முறை திருப்பிப் பார்த்துவிட்டார். எந்தக் காலத்திலோ ஆசாரி பற்றவைத்த ஒட்டு மட்டும் தேய்ந்து மங்கித் தெரிந்தது. அறுத்ததோ அராவியதோ விரித்ததோ எங்கும் இல்லை. சந்தேகம் தீராமல் உள்வட்டத்தை நூல் விட்டு அளந்தார். பத்து வயதுப் பெண்ணின் கைகூட அதற்குள் நுழையாது. கல்யாணத்தின்போது கையில் ஏற்றிப் பற்றவைத்து, சாகும்வரை கழற்றாமல் போட்டிருக்கும் காப்பு அது. சின்னாத்தாளோ எழுபது வயதில், நீர் கோத்து உடம்பெல்லாம் ஊதி, போன சித்திரையில் செத்தவள். இது எப்படி அவள் கையை விட்டு வந்தது?

“வெளக்கெண்ணெய் தடவிக் கழட்டினோமுங்க” என்று அவளுடைய மகன் பொங்கியண்ணன் காலையில் சொல்லியிருந்தான்.

எண்ணெய் தடவினால் காப்பு வழுக்கும், எலும்பு சுருங்குமா? அவர் காப்பை அதன் ஜோடிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். இருக்கும், நமக்கென்ன. அவர் வேலை விலை போடுவது, காரணம் கேட்பது அல்ல.

செத்தவர்களின் சொத்துக்கு உயில் இருந்து, அது கோயமுத்தூர் ஜில்லாக் கோர்ட்டுக்கு வந்தால், வீட்டிலுள்ள பண்டம் பாத்திரங்களுக்கு மதிப்புப் போட சுந்தரராஜுலு நாயுடுவைத்தான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷமாக நேர்மையானவர் என்று பெயர். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். நகைகளோடு தன்னை ஒரு அறையில் வைத்து வெளியே பூட்டச் சொல்வார். மடியில் ஒன்றும் இருக்காது, துணைக்கு ஆளும் இருக்காது. வேலை முடிந்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். எந்த வாரிசும் பொருள் மாறிவிட்டது என்று சொல்ல வாயெடுக்க முடியாது. பெயர் இருந்தால்தானே விற்க முடியும்? இந்தத் தடவை அவர் அதை விற்றுவிட்டார்.

விஷயம் சின்னது. காங்கேயத்துக்குத் தெற்கே இருக்கும் இந்தத் தோட்டமும் வீடும் பொங்கியண்ணனுக்கு. சின்னாத்தாள் போட்டிருந்த ஜோடிக் காப்பு மட்டும் மகள் ராசாத்தாளுக்கு. உயிலில் அப்படித்தான் இருந்தது. அந்த ஜோடியை முலாம் பூசிய பித்தளை என்று சுந்தரராஜுலு எழுதிவிட்டால், ஆசாரியிடம் அதே அச்சில் செய்து வைத்திருக்கும் பித்தளைக் காப்பைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு அசலைப் பொங்கியண்ணன் வைத்துக்கொள்வான். எழுதியாகிவிட்டது. உரைகல்லைத் தொடுவதற்கு முன்பே, வந்து உட்கார்ந்ததும், பட்டியலை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். இப்போது எடை பார்ப்பது தனக்காக மட்டும்தான். எத்தனை பவுன் என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாம் அல்லவா?

அது சின்னாத்தாள் படுத்துக் கிடந்த அறை. கயிற்றுக் கட்டில், எச்சில் படிக்கம், வேப்பெண்ணெய்ப் புட்டி, கனமான புளியங்கட்டை ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அணா பைசா போட்டிருந்தார். மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கும் கட்டைக்கு நோயாளி அறையில் என்ன வேலை என்று அப்போது யோசிக்கவில்லை. உயரம் தோதாக இருந்ததால் அதன் மேலேயே தராசுப் பெட்டியை வைத்துக்கொண்டார். கட்டையின் நடுவில் இரண்டு ஆழமான வெட்டு. புதுசு. கழுவிச் சாம்பல் போட்டுத் தேய்த்திருந்தார்கள். இருந்தும் அந்த வெட்டுக்குள்ளிருந்து ஏதோ கெட்டுப்போன வாடை, விளக்கெண்ணெய் வாடையோடு கலந்து மூக்கில் ஏறிக்கொண்டேயிருந்தது.

வெளியே கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைப்பதை நிறுத்தியிருந்தார்கள். உச்சிப்பொழுதுக்கு மாடு, மனிதர், காக்கை எல்லாம் நிழலுக்குப் போய்விட்டன. மாடு கட்டும் சாளையில் யாரோ எதையோ சாணைக்கல்லில் தீட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு இழுப்பு. நிறுத்தம். ஒரு இழுப்பு.

காப்பை உரைகல்லில் உரசினார். கோடு பளிச்சென்று விழுந்தது. அசல் தங்கம், நல்ல மாற்று. தட்டில் வைத்தார். தட்டு மடாரென்று இறங்கிக் கட்டையில் இடித்தது. எதிர்த்தட்டில் ஐந்து பவுன் எடைக்கல் வைத்தார், பத்து வைத்தார், பெட்டியில் இருந்த அத்தனை கல்லையும் வைத்தார். காப்புத் தட்டு அசையவில்லை. தராசைத் தூக்கிப் பிடித்தார். நூல் விறைத்து அவர் விரலை அறுத்தது. காப்பை எடுத்துக் கையில் வைத்தால் ஏழெட்டுப் பவுன் கனம்தான். தட்டில் வைத்தால் இன்னும் எதுவோ சேர்ந்து கனக்கிறது. ஒரு முழங்கையின் கனம் என்று அவருக்குத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று நினைத்ததும் முதுகு சில்லிட்டது.

“ஏனுங்க.”

தூக்கிவாரிப் போட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் ராசாத்தாள் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அங்கேயேதான் இருக்கிறாள்.

“முடிஞ்சுதுங்களா? கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. ஊட்டுக்காரரு போனதுல இருந்து கொழுந்தன் ஊட்டு அடுப்படியிலதான் கெடக்கறேன். அந்தக் காப்பு கெடைச்சா ரெண்டு எருமை வாங்கிட்டு எம் புள்ளைய கூட்டிக்கிட்டுத் தனியாப் பொழைச்சுக்குவேனுங்க.”

அவர் வேறொன்றைக் கேட்டார்.

“ஏம்மா, உங்கம்மா கையிலிருந்து இதைக் கழற்றும்போது நீ பக்கத்தில் இருந்தாயா?”

“இல்லீங்க. நான் வந்து சேர்றதுக்குள்ள குளிப்பாட்டிக் கோடி போத்திட்டாங்க. கையி ரெண்டையும் துணியில சுத்தி உள்ள வெச்சிருந்துச்சு. ஒருக்கா அம்மா கையப் புடிச்சுக்கறேன்னு அழுதேன். நேரமாச்சுன்னு அண்ணன் உடலீங்க.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “துணி சுத்தின கையி ரொம்பக் குட்டையா இருந்த மாதிரி தெரிஞ்சுதுங்க. எனக்கு அழுகையில ஒண்ணும் சரியாத் தெரியல.”

சுந்தரராஜுலு கட்டையைப் பார்த்தார். இரண்டு வெட்டு. தராசுப் பெட்டியைத் தூக்கித் தரையில் வைத்தார். இல்லை, அப்படி இருக்காது, பெற்ற தாய். நூல் அளவு தப்பாக இருக்கலாம். காப்பு நினைத்ததைவிடப் பெரிதாக இருக்கலாம். அப்படி மட்டும் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். வளையல் அளவு பார்க்க நகைக்காரர்கள் செய்கிற வழக்கப்படி ஐந்து விரலையும் குவித்து, வலது கையைக் காப்புக்குள் விட்டார். விரல் முட்டியில் நிற்க வேண்டும். நிற்கத்தான் வேண்டும்.

நிற்கவில்லை. எண்ணெயில் வழுக்குவதுபோல் இறங்கி மணிக்கட்டில் உட்கார்ந்தது.

சூடாக இருந்தது. வெயிலில் கிடந்த சூடு இல்லை. இப்போதுதான் வேறொரு கையிலிருந்து கழற்றிய சூடு.

இழுத்தார். வரவில்லை. வேப்பெண்ணெயை ஊற்றி இழுத்தார். தோல் சுருண்டு வந்தது, காப்பு வரவில்லை. விரல்கள் ஊதத் தொடங்கின. மோதிர விரலும் சுண்டு விரலும் தடித்து, மினுமினுத்து, ஒரு நோயாளிக் கிழவியின் விரல்போல ஆயின. காப்புக்கு அடியில் நாடி துடித்தது. அவர் மார்பு பதறி அடித்துக்கொண்டிருந்தது. இந்தத் துடிப்பு அது இல்லை. இது மெதுவானது. நிதானமானது. இரண்டு நாடி. ஒரே மணிக்கட்டில்.

அவர் முனகிவிட்டார் போலிருக்கிறது.

“என்னாச்சுங்க?” ராசாத்தாள் எழுந்துகொள்ளும் சத்தம். “மயக்கமாட்ட வருதுங்களா? சாவி அண்ணங்கிட்டத்தான் இருக்குது. இருங்க, கூட்டிக்கிட்டு வாரேன்.”

“வேண்டாம் தாயே! அவனைக் கூப்பிடாதே!”

போய்விட்டாள். காலடிச் சத்தம் சாளைப் பக்கம் தேய்ந்தது.

ஒரு இழுப்பு. நிறுத்தம். ஒரு இழுப்பு.

பொய் எழுதிய கை. கையெழுத்துப் போட்ட கை. கிழவி அதைத்தான் பிடித்திருக்கிறாள். அது அவருக்குச் சந்தேகமில்லாமல் புரிந்தது, பயத்தில் பல் கிட்டியது. திருத்தி எழுதிவிடலாம். எழுதினால் விடுவாள். பேனாவை எடுத்தார், ஊதிய விரல்களில் அது நிற்கவில்லை, உருண்டது. இடது கையில் எடுத்தார். பட்டியலில் முலாம் என்ற சொல்லை அடித்தார். பக்கத்தில் குழந்தை கிறுக்கினதுபோல எழுதினார்.

அசல் தங்கம். ராசாத்தாளுக்குச் சேர வேண்டியது. உன் அண்ணனை நம்பாதே.

காப்பு தளரவில்லை.

சாணைக்கல் சத்தம் நின்றது.

நடையில் காலடிகள். முன்னால் அவளுடையது, வேகமாக. பின்னால் இன்னொன்று, அவசரமே இல்லாமல். கத்தினால் அவனுக்கும் கேட்கும். அவர் தவழ்ந்து போய்க் காகிதத்தைக் கதவின் அடியில் தள்ளினார். அவள் பார்த்துக்கொள்வாள். படித்ததும் ஓடிப்போய் ஆட்களைக் கூட்டி வந்துவிடுவாள். கடவுளே, படித்துவிடு அம்மா.

காகிதம் அந்தப் பக்கம் போனது. யாரோ எடுத்தார்கள்.

“அண்ணா,” என்றாள் ராசாத்தாள், “என்னமோ எழுதிக் குடுத்திருக்காருங்க. எனக்கு எங்க படிக்கத் தெரியுது? நீங்களே படிச்சுச் சொல்லுங்க.”

சுந்தரராஜுலு கதவில் நெற்றியை வைத்தபடி அப்படியே இருந்தார். காகிதம் விரியும் சத்தம் கேட்டது. அவன் படிக்கிற நேரம் கேட்டது.

“முலாம்னு எழுதிருக்குது அம்மணி. தங்கமில்லையாமா.”

அவள் அழவில்லை. “சரிங்கண்ணா” என்று மட்டும் சொன்னாள். உள்ளேயிருந்து சுந்தரராஜுலு “தங்கம்!” என்று கத்தினார். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. மறுபடியும் முயன்றார்.

“நாயுடுவுக்கு ஒடம்புக்கு முடியல போலிருக்குது. நீ தோட்டத்துச் சாளைக்குப் போயி எளநி வெட்டச் சொல்லி வாங்கிட்டு வா. பைய வா, அவசரமில்ல.”

அவள் போனாள். பூட்டில் சாவி திரும்பியது.

பொங்கியண்ணன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். இடுப்பில் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். ஒரு கையில் கொடுவாள், ஈரம் சொட்டியது. இன்னொரு கையில் பழந்துணி. சுந்தரராஜுலு வாயைத் திறந்ததும் அந்தத் துணியை அதற்குள் அடைத்தான். விளக்கெண்ணெய் நாறியது. பிறகு குனிந்து காப்பைப் பார்த்தான். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“உங்களுக்கும் மாட்டிக்கிச்சுங்களா? அது அப்படித்தானுங்க, லேசுல உடாது.” கட்டையைக் காலால் நகர்த்தி வெளிச்சத்தில் வைத்தான். “பயப்படாதீங்க. அம்மாளும் மொதல்ல இப்படித்தான் முழிச்சு முழிச்சுப் பாத்துச்சு.”

அவன் தொடவில்லை. சுந்தரராஜுலுவின் வலது கை தானாக நீண்டது. யாரோ மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிப் போவதுபோல் போய், கட்டையின் மேல், முதல் வெட்டுக்கு நேராகப் படுத்தது. காப்புக்குக் கீழே ஊதிய தோலில் ஐந்து விரல் பதிந்து குழிந்தது. கண்ணுக்கு ஒரு விரலும் தெரியவில்லை.

தரையில் இருந்த இன்னொரு காப்பு எழுந்து நின்றது. மெல்ல உருண்டு, வெயில் விழுந்த இடத்தைத் தாண்டி வந்து, அவருடைய இடது கை விரல் நுனியைத் தொட்டு நின்றது.