முறுக்கேறிய ஸ்பிரிங்

பிரேக்கர் பெட்டியின் முகப்பிலிருந்த சின்ன ஜன்னலில் மஞ்சள் தெரிந்தது. வெள்ளை அல்லவா தெரிய வேண்டும்? ரைலி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். மஞ்சளேதான். பிரேக்கருக்குள் ஸ்பிரிங் முறுக்கேறித் தயாராக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் அவளே அதைத் தளர்த்தியிருந்தாள். முப்பது வருட வேலையில் இதை மட்டும் அவள் மறந்ததே கிடையாது.

"வயசாகுது எனக்கு" என்று முணுமுணுத்தபடி மூடும் பொத்தானை அழுத்தினாள். டக். திறக்கும் பொத்தான். டக். மூடினால் மின்சாரம் பாயும், திறந்தால் நிற்கும்; இரண்டும் முடிந்ததும் ஸ்பிரிங் தளர்ந்து ஜன்னல் வெள்ளைக்குத் திரும்பியது.

அறையில் பழைய கிரீஸும் வெந்த தூசியும் மணத்தன. கதவிடுக்கு வழியாக ஈரமான பைன் பட்டையின் புளித்த வாடை வந்துகொண்டிருந்தது. ஜூலை மாதப் பராமரிப்புக்காக ஆலை முழுவதும் நின்றிருந்ததால், வழக்கமாக இரைச்சலில் அமுங்கிப்போகும் சின்னச் சின்னச் சத்தங்களெல்லாம் இன்று காதருகே வந்து உட்கார்ந்துகொண்டன. மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மரப்பட்டை உரிக்கும் இரும்பு உருளைக்குள், பஸ் நுழைகிற அளவு பெரிய அந்தக் குழாய்க்குள், அவள் தம்பி என்சியோ வெல்டிங் செய்துகொண்டிருந்தான். உருளை சுழன்றால் உள்ளே இருப்பவன் கூழ். அதனால்தான் அதற்கு மின்சாரம் தரும் பிரேக்கரைக் கூட்டிலிருந்து இழுத்து வண்டியில் வைத்து, காலிக் கூட்டுக்குப் பூட்டும் போட்டிருந்தாள். ஒரு கம்பிகூட இப்போது அதைத் தொடவில்லை.

வாக்கிடாக்கி கரகரத்தது.

"அக்கா, இன்னும் எவ்ளோ நேரம் அதையே தடவிட்டு இருப்ப? எனக்குப் பசிக்குது."

"நீ உன் வேலையைப் பாரு. கேண்டீன் பட்டாணி சூப் எங்கயும் ஓடாது."

"பான்கேக் ஓடிரும். போன வியாழக்கிழமை எனக்கு மிஞ்சினது ஜாம் மட்டும்தான்."

சிரித்துக்கொண்டே துணியை எடுத்து, பிரேக்கரின் பின்பக்கம் குனிந்து, கூட்டுக்குள் போய் மின்இணைப்பைக் கவ்வும் செப்பு விரல்களைத் துடைக்க ஆரம்பித்தாள். மூன்றாவதைத் துடைக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. கிர்ரிக். கிர்ரிக். ஸ்பிரிங்கை முறுக்கேற்றும் முன்பக்கத்துக் கைப்பிடியை யாரோ நிதானமாக, வேலை தெரிந்தவன் மாதிரி, இழுத்து இழுத்து விடுகிற சத்தம். அவள் எட்டிப் பார்த்தபோது கைப்பிடி கீழிருந்து மேலே போய்த் தன் இடத்தில் ஒட்டிக்கொண்டது.

மஞ்சள்.

அறையில் அவளைத் தவிர யாருமில்லை. கைப்பிடியைத் தொட்டாள். பிடித்துவிட்ட கையின் சூடு அதில் இருந்தது. பயந்துவிட்டாள், அதில் என்ன ஒளிவு மறைவு? வாக்கிடாக்கியை எடுத்தாள்.

"என்சியோ, வெளிய வா."

"அஞ்சு நிமிஷம். இவன் நல்லா லைட் பிடிக்கிறான், முடிச்சிடலாம்."

"எவன்?"

"நீ அனுப்பின ஆளுதான். வாயே திறக்க மாட்டேங்கிறான். புதுசா?"

அவள் யாரையும் அனுப்பவில்லை.

"டேய், எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வாடா. இப்பவே."

"என்னக்கா, என்ன ஆச்..."

டக்.

யாரும் தொடாமல் பிரேக்கர் மூடிக்கொண்டது. எதையும் தொடாத செப்பு விரல்கள் வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தன. ஆனால் காலடியில் தரை அதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் உருளை முனகிக்கொண்டு சுழல ஆரம்பித்தது. வாக்கிடாக்கியில் தம்பியின் அலறல்.

பாய்ந்து திறக்கும் பொத்தானைக் குத்தினாள். டக். உருளை நின்றது.

"என்சியோ?"

மூச்சிரைப்பு. பிறகு குரல். "யாரு ஓட்டினது? கால் தகட்டுக்கடியில மாட்டிக்கிச்சு. அக்கா, வந்து எடு."

கதவுப் பக்கம் ஓரடி வைத்தாள். கிர்ரிக். கைப்பிடி அவள் கண்ணெதிரே இறங்கியது. ஏறியது. இறங்கியது. மஞ்சள். திரும்பி வந்து திறக்கும் பொத்தானில் கட்டைவிரலை ஊன்றினாள். இதை அழுத்திப் பிடித்திருக்கும்வரை பிரேக்கர் மூடாது. எந்தப் பிரேக்கரும் மூடாது. அது அவளுக்குத் தெரியும்.

பிரேக்கருக்குள் ஸ்பிரிங் சுத்தியல் மாதிரி அடித்தது. மூடவில்லை. கைப்பிடி. மறுபடி அடித்தது. மூடவில்லை.

ஓடிப்போய்த் தம்பியை இழுக்க முடியாது. கத்தினால் கேட்க ஆளில்லை; வாக்கிடாக்கியின் மறுமுனை தம்பியிடம் மட்டும்தான். விரலை எடுத்தால் அவன் செத்தான்.

"அக்கா, வர்றியா?"

"வரேன்டா. அவங்க சாப்பிட்டு வந்துடுவாங்க. அசையாம இரு." அழுகை வந்தது. அடக்கினாள்.

"அந்த லைட் பிடிச்ச ஆளைக் காணோம். லைட் மட்டும் கீழ கிடக்கு."

கைப்பிடி நின்றது. சுத்தியலடியும் நின்றது. அறை சுத்தமாக அமைதியானது.

பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

ரைலி பார்த்தாள். ஊன்றிய கட்டைவிரலின் தோலில், யாரோ விரலால் அழுத்தியது போல, ஒரு குழி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு மூன்றாவது. குழிகள் ஆழமாயின. கட்டைவிரல் பொத்தானிலிருந்து மெல்ல, மிக மெல்ல, மேலே எழும்ப ஆரம்பித்தது.