‘பிள்ளைகளே’ என்று அழைப்பவர்

காலை ஏழு மணிக்கு விரிவுரை அரங்கின் வெளிச்சுவர் பல்லிளித்தது. கறுப்புச் சாயத்தில் பெரிய எழுத்துகள்: ‘மா-மா-மாணவர்களே! திக்குவாய் பேசுகிறது, கைதட்டுங்கள்!’

அன்று மாலை அதே அரங்கில்தான் புதிய துறைத்தலைவியின் முதல் உரை. அவர் சுவரைப் பார்த்தார். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உரையும் இல்லை, பதவியும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வளாகக் காவல் அதிகாரி முன்னாள் போலீஸ்காரி. கல்லூரி இளசுகள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அது காதில் விழாத மாதிரியே நடமாடுவார். சுவரைப் படம் எடுத்தார். “துணி போட்டு மூடுங்கப்பா. வேடிக்கை பார்க்க இது சினிமா போஸ்டரா?”

முதலில், தலைவர் பதவியைக் கோட்டைவிட்ட மூத்த பேராசிரியர்.

“அவங்க மேல உங்களுக்கு வருத்தம்தானே?”

“வயித்தெரிச்சல்னே வெச்சுக்குங்க. ஆனா அவங்களுக்குத் திக்குமா? பத்து வருஷமா பக்கத்து ரூம். தண்ணி மாதிரி பேசுவாங்களே!”

அடுத்து, வருகைக் குறைவால் தேர்வெழுத முடியாமல் போன இறுதியாண்டுக்காரன்.

“கோபம் இருக்கு மேடம். ஆனா நான் எழுதியிருந்தா ‘பிள்ளைகளே’ன்னுதான் எழுதியிருப்பேன். எங்களை அப்படித்தான் கூப்பிடுவாங்க. அவ்வளவு பாசம்.”

பிறகு, தலைவியின் வலது கையான ஆய்வு மாணவி. அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

“யாரா இருக்கும்?”

“தெரியல. வரவேற்புரையை நேத்து ஜூனியருக்குக் கொடுத்துட்டாங்க. நான் சீக்கிரமே ஹாஸ்டலுக்குப் போயிட்டேன்.”

கேட்காத கேள்விக்கும் பதில் வந்திருந்தது. அதிகாரி அவளையும் அழைத்துக்கொண்டு தலைவியின் அறைக்குப் போனார்.

“உங்களுக்கு ‘ம’ வரிசைதான் திக்கும், இல்லையா?”

தலைவி திடுக்கிட்டார். “யார் சொன்னது?”

“சுவர் சொல்லுச்சு. மத்தவங்க கண்ணுக்கு நீங்க தண்ணி மாதிரி பேசறவங்க. ‘பிள்ளைகளே’ங்கறது பாசம். ‘மாணவர்களே’ன்னு உங்களுக்கு வாய் வராது, அதைச் சுத்திப் போறீங்கன்னு தெரிஞ்சவங்கதான் இதை எழுத முடியும். யார்கிட்ட சொல்லியிருக்கீங்க?”

தலைவியின் கண்கள் ஆய்வு மாணவியின் பக்கம் போய்விட்டன.

அவள் உடைந்துபோனாள். “எப்பவும் உங்க உரையை என்னோடதான் பேசிப் பார்ப்பீங்க மேடம். இந்தத் தடவை அதுக்கும் அந்த ஜூனியரைக் கூப்பிட்டீங்க. அவகிட்டயும் சொல்லிட்டீங்கன்னு நினைச்சேன். புத்தி கெட்டுப்போச்சு.”

“அவகிட்ட ஒண்ணும் சொல்லல. ஆய்வேட்டுக்கு உனக்கு நேரம் வேணுமேன்னுதான் அவளைக் கூப்பிட்டேன்.” தலைவி அவள் பக்கம் திரும்பினார். “உன்கிட்ட சொன்ன அன்னைக்கு எனக்கு எவ்வளவு லேசா இருந்துச்சு தெரியுமா?”

அவருக்கு வலித்தது. அந்தப் பெண்ணை இன்னமும் பிடித்திருந்தது. அதனால் கூடுதலாக வலித்தது.

“பதிவாளர்கிட்ட நீயே போய்ச் சொல்லு. என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கோ.”

“சரி மேடம். சாயந்திரம்... பேசுவீங்கதானே?”

தலைவி உரைத் தாள்களை எடுத்து அடுக்கினார்.

“பேசுவேன். திக்கினா திக்கட்டும், காத்திருந்து கேப்பாங்க. நீயும் வந்து உட்காரு.” அதிகாரி பக்கத்தில் நிற்கிறாரே என்று அவர் தயங்கவில்லை. “மு-மு-முன்வரிசையில.”