எண்பத்திரண்டு சதவீத நலம்

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் ஆவடியில் எல்லா வீட்டு வாசலிலும் கார் பானட் திறந்து கிடக்கும். கார் ஓட்டுவதெல்லாம் எப்போதோ நின்றுபோய்விட்டது. வண்டி நிற்பது பேட்டரிக்காகத்தான். பகலில் கூரையிலுள்ள சூரியத் தகடு அதை நிரப்பும். பொழுது சாய்ந்ததும் மொத்தத் தெருவும் அந்தப் பேட்டரிகளில் ஓடும். மின்கூட்டு என்று அதற்குப் பெயர்.

சோதனையை வீட்டுக்காரரே செய்யலாம். ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டதும், நலமானி காட்டும் எண்ணைப் பக்கத்து வீட்டார் சத்தமாகப் படிக்க வேண்டும். ஐம்பதுக்குக் கீழே போனால் மின்கூட்டு ஆட்கள் கொக்கி போட்டு வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

நவநீதனின் பேட்டரி போன வாரமே ஐம்பத்தொன்றில் இழுத்துக்கொண்டிருந்தது. உள்ளே அவன் மனைவி பொற்கொடி மூச்சு இயந்திரத்தில் படுத்திருந்தாள். வண்டி போனால் அவளும் போய்விடுவாள்.

சோதனைக்கு முன் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றாமல் ஆறவிட வேண்டும். சார்ஜ் ஏறிய சூட்டோடு பார்த்தால் மானி கூட்டிக் காட்டும். அது தெரிந்துதான் நவநீதன் விடிந்ததுமே சார்ஜ் வயரைச் செருகினான். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்ட பிறகே பிடுங்கினான்.

"என்னண்ணே, மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கொட்டுது? பேட்டரிக்குப் பதிலா நீங்க சார்ஜ் ஏறுனீங்களா?"

"வெயில்ம்மா. நீ எண்ணைப் படி."

ஸ்டெல்லா குனிந்தாள். அவள் கை பேட்டரி மேல் ஒரு நொடி பட்டு நின்றது.

"எண்பத்திரெண்டு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூவினாள். "கல்லு மாதிரி இருக்குண்ணே!"

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கைகூப்பினான்.

நலம் எவ்வளவோ அவ்வளவு சுமை என்பது மின்கூட்டின் இன்னொரு சட்டம். ஐம்பதைத் தாண்டினால் போதும் என்ற பதற்றத்தில் அவன் அதை யோசிக்கவே இல்லை. அன்று பொழுது சாய்ந்ததும் எண்பத்திரண்டுக்கான சுமை முழுவதும் அவன் வண்டி மேல் இறங்கியது. தெருவுக்குப் போகத்தான் வீட்டுக்கு என்பதால், பேட்டரி தளர்ந்ததும் முதலில் அறுந்தது அவன் வீட்டு இணைப்புதான். மூச்சு இயந்திரம் நின்றது.

சுவரோரம் ஓடினான். "ஸ்டெல்லாம்மா! உங்க வீட்டுலேர்ந்து ஒரு வயரு குடும்மா! பொற்கொடிக்கு மூச்சு நின்னுடும்!"

"நல்ல பேட்டரிக்காரங்களுக்கு வயரு குடுக்கக் கூடாதுண்ணே. குடுத்தா என் வண்டியத் தூக்கிருவாங்க."

"அது நல்ல பேட்டரி இல்லம்மா. நான் சூட்டோட காட்டிட்டேன்."

"தெரியும். தொட்டனே."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"எங்களுது ஐம்பத்தி மூணுண்ணே," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "உங்க எண்ணு ஏறுனா எங்க சுமை குறையும்."

நவநீதன் உள்ளே ஓடி, கையால் அமுக்கும் மூச்சுப் பையை மனைவியின் முகத்தில் வைத்து அமுக்கத் தொடங்கினான். விரல்கள் மரத்துப்போயின. மாற்றிப் பிடிக்க ஆள் இல்லை. அவன் வண்டியில் மிச்சமிருந்த மின்சாரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா வீட்டு மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.